ஈயம் ஊற்றிய ஜூராகான்

நரின் என்ற எங்கள் மலை ஊரில் ஆற்றை ஒட்டிய பாலர் பள்ளியில் ஜூராகானுக்கு இருபத்தாறு வருட வேலை. நான்கு வயதுக் குழந்தைகளின் அறை அவளுடையது. முப்பது கட்டில், முப்பது துவாலை, முப்பது ஜோடி குட்டிச் செருப்பு, இத்தனைக்கும் ஒரே ஒரு ஜூராகான். உதவிக்கு ஆள் போடுவதாக மேலிடம் வருடா வருடம் சொல்லும், போட்டபாடில்லை. பருத்த உடம்பு, வலிக்கிற முழங்கால்கள். ஆனாலும் தூக்க நேரத்தில் கட்டில்களுக்கு நடுவே அவள் நடந்தால் ஒரு குழந்தைகூட முழிக்காது. புருஷன் விட்டுப் போனதற்கு யாராவது துக்கம் விசாரித்தால், "ஒரு கட்டில் குறைஞ்சுது, அவ்வளவுதான்" என்பாள்.

அவளுக்கு ஊரில் இன்னொரு பெயரும் இருந்தது. ஈயம் ஊற்றுகிறவள். குழந்தை எதையாவது கண்டு மிரண்டுவிட்டால் எங்கள் பக்கம் நெஞ்சு விழுந்துவிட்டது என்போம். விழுந்த நெஞ்சைத் தூக்கி நிறுத்த, பிள்ளையின் தலைக்கு மேல் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரைப் பிடித்து, உருக்கிய ஈயத்தை அதில் ஊற்றுவார்கள். சுர்ரென்று சத்தம் கேட்கும். உறைந்த ஈயத்தின் வடிவத்தைப் பார்த்து, பிள்ளை பயந்தது நாய்க்கா, குதிரைக்கா, குடித்துவிட்டு வந்த மாமனுக்கா என்று சொல்ல வேண்டும். ஜூராகான் கைராசிக்காரி. கூலியாக ஒரு ரொட்டியும் ஒரு தலைத்துணியும் வாங்கிக்கொள்வாள்.

ஊற்றும்போது அவளுக்குக் கொட்டாவி வரும். பிள்ளையின் பயம் கழன்று அவள் உடம்புக்குள் இறங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கொட்டாவி வராவிட்டால், "இது பயமில்ல, வயித்துல பூச்சி. டாக்டர்கிட்ட போ" என்று ரொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். யாரையும் ஏமாற்றத் தெரியாதவள். அந்தக் குளிர்காலத்தில் நடந்ததை நினைத்தால், அவள் கொஞ்சம் ஏமாற்றுக்காரியாக இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். ஏமாற்றுக்காரியாக இருந்தால் தன் கொட்டாவியை அவளே அவ்வளவு நம்பியிருக்கமாட்டாள்.

பெக்தூர் என்ற பையன் செப்டம்பரில் வந்து சேர்ந்தான். வட்ட முகம், சிவந்த கன்னம், வாயைத் திறந்தால் மூடாத பேச்சு. அவன் அப்பா அஸ்கத் மலைக்கு அந்தப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் லாரி ஓட்டினான், மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்கமாட்டான். அம்மா சால்கின் சின்னப் பெண், கையில் ஐந்து மாதப் பெண் குழந்தை. இரண்டு மாதம் பெக்தூரால் ஒரு தொந்தரவும் இல்லை.

நவம்பரில் பனி இறங்கியது. பையன் மாறிப்போனான்.

காலையில் வரும்போதே முகம் சாம்பல் பூத்திருக்கும். பால்கஞ்சித் தட்டைத் தள்ளிவிடுவான். பொம்மையைக் கேட்கிற பிள்ளையின் தலைமயிரைப் பிடித்து இழுப்பான். பிறகு நேராக ஜன்னலுக்குப் போய்விடுவான். எங்கள் ஊர்ப் பெரிய ஜன்னல்களில் மேல் மூலையில் காற்றுக்காக ஒரு குட்டி ஜன்னல் தனியாகத் திறக்கும். பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, அந்தக் குட்டி ஜன்னலைத் திறந்து, வெளியே மைனஸ் இருபது டிகிரி உறைபனி இருக்கும்போது அதில் வாயை வைத்துக்கொண்டு நிற்பான். ஊசிக்காற்று பட்டால் பிள்ளைக்கு என்னென்ன வரும் என்று எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். ஜூராகான் ஓடிப்போய் இறக்குவாள். இறக்குகிற கையைக் கடிப்பான். விளையாட்டுக் கடி இல்லை, பல் எலும்பைத் தேடுகிற கடி.

ஜூராகானுக்குக் கடி புதிதில்லை. கடிக்கிற பிள்ளைக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது, வார்த்தைதான் கிடைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவள் கவனித்தாள். மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்தால் பெக்தூர் பழைய பெக்தூர். சாயங்காலம் அம்மா வந்து கூப்பிடும்போது ஜூராகானின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். திங்கட்கிழமை காலைதான் எல்லாவற்றிலும் மோசம், இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வருகிற நாள். ஆக, வீட்டில் ஏதோ இருக்கிறது. இதுவரை அவள் போட்ட கணக்கு சரிதான். அதற்கு மேலே ஒரு படி ஏறினாள், அங்கேதான் கால் தவறியது.

ஒரு நாள் மடியில் உட்காரவைத்துக் கேட்டாள்.

"கண்ணா, உன்ன யாருடா பயமுறுத்துறாங்க?"

"யாருமில்ல."

"அப்பா அடிக்கிறாரா?"

"அப்பா லாரில இருக்காரு."

"அப்புறம் என்னடா?"

பையன் யோசித்தான். "வீடு" என்றான். "வீடு என் தலைக்குள்ள குத்துது."

இருபத்தாறு வருடத்தில் எந்தப் பிள்ளையும் வீட்டைப் பார்த்துப் பயந்ததாகச் சொன்னதில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் வரி அதிகாரியின் மகள் அமினா அதே பெஞ்சில் ஏறி, குட்டி ஜன்னலில் பாதி இடம் கேட்டாள். பெக்தூர் அவள் காதைக் கடித்தான். இரண்டு தையல். அன்று மாலை பள்ளித் தலைவி ரோசா ஜூராகானைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். ரோசா இவளைவிடப் பதினைந்து வயது சின்னவள், அதிகாரமும் செய்ய வேண்டும், மரியாதையும் குறையக்கூடாது.

"அக்கா, அமினாவோட அப்பா போன்ல என் காதையே கடிச்சுட்டாரு. அந்தப் பையன ஒரு மாசம் வீட்டுல வெச்சுக்கச் சொல்லுங்க."

"ஒரு மாசம் வெளிய நிறுத்தினா அவன் திருந்திடுவானா? வீட்டுலதாம்மா அவனுக்கு என்னமோ இருக்கு."

"என்ன இருக்கு?"

"நெஞ்சு விழுந்திருக்கு. நான் போய் ஈயம் ஊத்துறேன். ஊத்தினா மூணு நாள் வாசப்படி தாண்டக்கூடாது. அந்த மூணு நாள நீங்க தண்டனைன்னு அவருகிட்ட சொல்லிக்கோங்க. நாலாவது நாள் பையன் வருவான்."

ரோசாவுக்கு உயிர் வந்தது. "நீங்க இல்லேன்னா இந்தப் பள்ளிக்கூடத்த எப்பவோ இழுத்து மூடியிருப்பேன் அக்கா."

இப்படியாக, வீட்டுக்குப் போகவே பயப்பட்ட பையனை மூன்று நாள் வீட்டுக்குள் அடைப்பதற்கு, அந்தப் பள்ளியில் அவன்மேல் உண்மையான அன்பு வைத்திருந்த ஒரே மனுஷி நாள் குறித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனாள். வீடு மலைச்சரிவில் கடைசி வீடு. உள்ளே நுழைந்ததும் கதகதவென்றிருந்தது. ஜன்னல் சட்டம் முழுக்கக் காகிதப் பட்டை ஒட்டிக் காற்றுப் புகாமல் அடைத்திருந்தாள் சால்கின். சுவரோரம் புதிதாகக் கட்டிய கரி அடுப்பு, வெள்ளை பூசிப் பளிச்சென்று நின்றது.

"எங்க வீட்டுக்காரரே கட்டினது அக்கா. அக்டோபர்ல முடிச்சாரு. ஒரு தடவ மூட்டிட்டு மேல தகட்ட மூடிட்டா போதும், விடியற வரைக்கும் சூடு நிக்கும். கரி பாதிதான் செலவு."

"கெட்டிக்காரன்தான்" என்றாள் ஜூராகான். புகைபோக்கியில் இருந்த இரும்புத் தகட்டைச் சால்கின் அப்போதே மூடியிருந்தாள். கரி உள்ளே கனன்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு எல்லோரும் செய்வதுதான்.

பெக்தூர் மூலையில் சுருண்டு கிடந்தான். சுவருக்குப் பக்கத்தில் தொட்டிலில் குழந்தை தூங்கியது.

"இவ ஒருத்திதான் அக்கா எனக்கு நிம்மதி. இவன் மாதிரி இல்ல. அழறதே கிடையாது. பாலுக்குக்கூட நான்தான் எழுப்பணும்."

ஜூராகான் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். ரோஜா நிறக் கன்னங்கள். "ஒண்ணு உசுர வாங்கினா ஒண்ணாவது சமத்தா இருக்கணும்ல" என்று சிரித்தாள்.

ஈயத்தை அடுப்பில் உருக்கினாள். பெக்தூரைப் போர்வையால் மூடி உட்காரவைத்து, சால்கினைக் கிண்ணத்தை அவன் தலைக்கு மேல் பிடிக்கச் சொல்லி ஊற்றினாள். முதல் கொட்டாவி உடனே வந்தது. இரண்டு, மூன்று, கண்ணில் நீர் வழிய ஏழு கொட்டாவி. நெற்றிப்பொட்டில் சுத்தியல் அடித்தது. வயிறு புரட்டியது. இந்த மாதிரி அவளுக்கு ஆனதே இல்லை.

"எம்மாடி! எவ்வளவு பெரிய பயத்தடா உள்ள வெச்சிருந்த!"

"எனக்குக்கூட இப்பல்லாம் காலையில தலை கிறுகிறுங்குது அக்கா" என்றாள் சால்கின். "பால் குடுக்கறதால இருக்கும்."

"பயம் வீடு பூரா பரவியிருக்கு, அதான். இனிமே போயிடும். நல்லாக் கேட்டுக்கோ. கழண்ட பயம் மூணு நாள் வீட்டச் சுத்திச்சுத்தி வரும். யாரும் வாசப்படி தாண்டக்கூடாது. கதவத் திறக்காத, ஜன்னலத் திறக்காத. அவன் என்ன ஆர்ப்பாட்டம் பண்ணினாலும் விட்டுக்கொடுக்காத. ஆர்ப்பாட்டம் பண்றது அவனில்ல, பயம்."

பெக்தூர் போர்வைக்குள்ளிருந்து அவளையே பார்த்தான். கிளம்பும்போது அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, "நானும் வரேன் டீச்சர்" என்றான். அவள் விரலை மெதுவாக உருவிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பாலத்தருகே பனியில் வாந்தி எடுத்தாள். நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டபோது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பயம் வெளியே போய்விட்டது என்று. வீடு சேர்வதற்குள் தலைவலி விட்டது. அன்று நிம்மதியாகத் தூங்கினாள். இதைப் பின்னாளில் அவளே என்னிடம் சொன்னாள், சொல்லும்போது தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளியில் சூடு வரவில்லை. கொதிகலன் அறையைப் பார்த்துக்கொள்கிறவர் மமாத், அறுபது வயதுக்காரர், பூனைக்குக்கூட வழி விட்டு நிற்கிற சாது. ஜூராகான் தேடிக்கொண்டு போனாள். அவர் கொதிகலன் அறை வாசலில் கதவுச் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, வாயை வெளிக்காற்றுக்குத் திறந்து வைத்து நின்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"அண்ணே, குளிர்ல நிக்காதீங்க, உள்ள வாங்க." தோளைத் தொட்டாள்.

அவர் அவள் கையை ஓங்கித் தட்டிவிட்டார். "தொடாதடி சனியனே! தூரப் போ!"

வசவு ஜூராகானுக்கு உறைக்கவில்லை. அந்த நிற்பு உறைத்தது. மோவாய் தூக்கி, வாய் திறந்து, தொட்டால் அடிக்கிற அந்த நிற்பை அவள் ஒரு மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் மமாத்துக்கு மூச்சு நிதானப்பட்டது. "மன்னிச்சுக்கோ தங்கச்சி. வாய் தப்பிப் போச்சு. இந்த வருஷக் கரி பூரா தூளு. புகைபோக்கி அடைச்சிருக்கு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, அந்த விஷக்காத்து. அது ஏறிட்டா மனுஷன் மனுஷனா இருக்கமாட்டான். பெத்த தாயக்கூட அடிப்பான்."

"எப்படிண்ணே தெரியும், ஏறியிருக்குன்னு?"

"மண்டையில சுத்தியலால அடிக்கும். கொட்டாவி மேல கொட்டாவியா வரும். வாந்தி வரும். வெளிய வந்தா சரியாப் போயிடும். வெளிய வராதவன் அப்படியே தூங்கிடுவான். ரோஜாப்பூ மாதிரி மூஞ்சி செவந்து…"

அவர் முடிப்பதற்குள் ஜூராகான் ஓடத் தொடங்கியிருந்தாள். கோட்டு இல்லை, காலில் அறைச் செருப்பு. சாலையில் வந்த மாவு வண்டிக்குக் குறுக்கே போய் நின்று, ஏறி உட்கார்ந்து, "மலைப்பக்கம், கடைசி வீடு, ஓட்டுடா தம்பி, ஓட்டு" என்றாள். வண்டி போகிற வழியெல்லாம் அவள் வாய் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. கதவத் திறக்காத, ஜன்னலத் திறக்காத. தான் சொன்ன வார்த்தைதான்.

வீட்டு முற்றத்துப் பனியில் இரண்டு நாளாக ஒரு காலடித் தடமும் இல்லை. சால்கின் சொன்னதைச் சொன்னபடி கேட்கிற பெண்.

ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. உடைந்த ஓட்டைக்கு உள்ளேயிருந்து ஒரு தலையணையைத் திணித்து அடைத்திருந்தார்கள். அந்தத் தலையணையின் ஒரு மூலையைப் பிய்த்து இழுத்து, அந்த இடுக்கில் ஒரு சின்ன வாய் பொருந்தியிருந்தது.

வண்டிக்காரன் கதவை உடைத்தான். சால்கின் தரையில் கிடந்தாள், கூப்பிட்டால் கண் திறந்தது, ஆனால் யாரென்று தெரியவில்லை. அவளை இழுத்துப் பனியில் போட்டார்கள். ஜூராகான் பெக்தூரை ஜன்னலிலிருந்து பிய்த்து எடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைக் கடித்தான். கடித்தபடியே அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள், அந்தப் பல்லின் பலத்துக்காக அழுதாள். உயிர் இருக்கிற பல்.

பிறகு தொட்டிலுக்குப் போனாள். குழந்தை சமத்தாகப் படுத்திருந்தது. கன்னம் ரோஜா நிறம். எழுப்பிப் பார்த்தாள். மறுபடி எழுப்பினாள். வண்டிக்காரன் அவள் கையைப் பிடித்து நிறுத்தும் வரை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் விஷவாயு என்று எழுதினார்கள். அடுப்பு, தகடு, தூள் கரி என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். ஈயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஊர் ஜூராகானைக் கொண்டாடியது. வெறும் அறைச் செருப்போடு ஓடிப்போய் இரண்டு உயிரைக் காப்பாற்றிய மகராசி என்று கடைத்தெருவில் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ரோசா ஒரு பாராட்டுப் பத்திரம்கூட எழுதி வாங்கிவிட்டாள். ஜூராகான் அதை வாங்கிக்கொள்ளப் போகவில்லை. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குழந்தைக்கு நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுவாரம், சால்கின் பள்ளிக்கு வந்தாள். கையில் ஒரு ரொட்டியும் ஒரு புதுத் தலைத்துணியும் இருந்தன.

"அக்கா, பெக்தூர் தூங்கமாட்டேங்கறான். கதவ மூடினா அலறான். அவங்க அப்பாவக்கூடக் கடிச்சுட்டான். நீங்க மறுபடியும் வந்து ஊத்தணும். அன்னைக்கு ஊத்தினதாலதான் அவனாவது தப்பிச்சான்னு எல்லாரும் சொல்றாங்க."

சும்மா தலையாட்டியிருக்கலாம். ஊரே கட்டிக்கொடுத்த பெயர் அது, அவள் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஜூராகான் ரொட்டியைத் தொடவில்லை.

"உக்காரு" என்றாள். "நான் சொல்றத முழுசாக் கேளு. அன்னைக்கு எனக்கு வந்த கொட்டாவி அவன் பயமில்ல. உன் வீட்டு விஷம். எனக்குத் தலை வலிச்சுது, வாந்தி எடுத்தேன், வெளிய வந்ததும் சரியாச்சு. அத நான் என் கைராசின்னு நெனச்சேன். அவன் ஒரு மாசமா ஜன்னல ஜன்னலக் காட்டினான். நான் இழுத்து இழுத்து இறக்கினேன். உன் பொண்ணு அழலன்னு நீ சொன்னப்ப நான் சிரிச்சேன் சால்கின். கதவ மூடச் சொன்னது நான்தான்."

சால்கின் தலைத்துணியை மடித்து மடித்துச் சுருட்டினாள்.

"கண்ணாடிய அவன் திங்கக்கிழமை ஒடச்சான்" என்றாள் கடைசியில். "கரண்டியால ஒடச்சான். நான் அவன அடிச்சேன். நீங்க சொன்னீங்கன்னு தலகாணிய வெச்சு அடைச்சேன். தொட்டிலுக்கு நேரா இருந்த ஜன்னல் அது அக்கா."

எழுந்தாள். ரொட்டியை எடுத்துக்கொண்டாள், தலைத்துணியையும் எடுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்று மாலையே ஜூராகான் ரோசாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, வேலையை விட்டுவிடுவதாகக் காகிதம் நீட்டினாள். ரோசா முகம் வெளுத்துப்போய், "இத வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்றாள். கையெழுத்துப் போடவில்லை. ஜூராகான் எல்லோரிடமும் சொன்னாள். ஈயம் ஊற்றக் கூப்பிட வந்தவர்களிடம் சொன்னாள், பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற ஒவ்வொரு தாயிடமும் சொன்னாள். சிலர் பிள்ளைகளை அடுத்த பள்ளிக்கு மாற்றிக்கொண்டார்கள். அமினாவின் அப்பா முதல் ஆள்.

வெள்ளிக்கிழமை காலை அறை வாசலில் அஸ்கத் நின்றான், பெக்தூரைத் தோளில் சாய்த்துக்கொண்டு. தாடி வழிக்காத முகம், கரி ஏறிய நகங்கள். ஜூராகான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடிப்பான் என்று நினைத்தாள். அடிக்கட்டும் என்றும் நினைத்தாள்.

அவன் பையனைக் கீழே இறக்கிவிட்டான்.

"அவ உங்க மூஞ்சியில முழிக்கமாட்டா" என்றான். "இனி எந்தக் காலத்துலயும் முழிக்கமாட்டா. எனக்கும் உங்களப் பாக்கப் பிடிக்கல."

"சரிப்பா."

"அடுப்பக் கட்டினவன் நான். அது தனி. நான் இவன வேற பள்ளிக்கூடத்துல விடறேன்னுதான் சொன்னேன். அவ ஒத்துக்கல. உங்ககிட்டதான் விடணுமாம்."

"ஏன்?"

"இனிமே இவன் யாரயாவது கடிச்சா, ஏன்னு தெரியற வரைக்கும் இந்த ஊர்ல தூங்காம இருக்கப்போற ஆளு நீங்க ஒருத்திதானாம்."

அவன் போய்விட்டான். பெக்தூர் செருப்பை மாற்றிக்கொள்ளாமல் வாசலிலேயே நின்றான். ஜூராகான் குட்டி ஜன்னலைத் திறந்தாள், பெஞ்சை இழுத்துப் போட்டாள், மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் கோட்டு மாட்டிவிடத் தொடங்கினாள்.